கன்னத்தில் அடக்கிய கற்கண்டு

பற்சிகிச்சை, வாய் திறப்பவர்களுக்காக ஏற்பட்ட தொழில். திறக்க மறுக்கும் குழந்தையின் முன்னால் அதன் கருவிகளெல்லாம் வெறும் இரும்பு. பல்வலியில் ஒருமுறையேனும் துடித்தவர்கள் மேலே வாசிக்கலாம். மற்றவர்களுக்கு இது விளங்காது.

கற்கண்டு

நயினாதீவில் நான் பாடசாலைப் பற்சிகிச்சையாளராக இருந்தபோது, கோயில் ஐயரின் மனைவி தம் ஏழு வயது மகள் அபிராமியை அழைத்து வந்தார். குழந்தைக்கு ஓட்டிசம் என்னும் மதியிறுக்கம், பேச்சில்லை. பற்தூரிகை ஈறில் பட்டாலே உடல் விறைத்துவிடும். பூசை வேளையில் அவள் சத்தமிடாதிருக்க, ஒவ்வொரு பூசைக்கும் ஒரு துண்டு கற்கண்டைக் கன்னத்தில் அடக்கி வைப்பார்கள். பல்லில் வாழும் கிருமிகள் சீனியைத் தின்று அமிலம் கக்குகின்றன, அதுவே பல்லை அரிக்கிறது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"கற்கண்டு இல்லாட்டில் பிள்ளை கத்தும், மிஸ். கத்தினால், வள்ளத்திலை வந்த சனம் சாமியை விட்டிட்டு எங்களையெல்லோ பாக்கும்."

ஒரே சொல்

அந்த ஆண்டில் மூன்று முறை வந்தும் அபிராமி சிகிச்சைக்கான சாய்வுக் கதிரையில் ஏறவில்லை. மூன்று முறையும் அவளுடைய சிகிச்சை அட்டையில் 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். என் கையெழுத்து அழகானது. அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

இதற்கிடையே அவள் தன் வலக்கன்னத்தைக் கைமுட்டியால் குத்தத் தொடங்கியிருந்தாள். ஐயர் மந்திரித்து நூல் கட்டினார். ஓட்டிசமுள்ள பிள்ளைகள் தம்மைத் தாமே அடிப்பதுண்டு என்று நான் தாயாரைத் தேற்றி அனுப்பினேன். அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த உதவியாளர் செல்வராணி தலை நிமிராமலே சொன்னாள்:

"அவள் கதிரைக்கு வரமாட்டாள் எண்டு மூண்டுதரம் எழுதிப்போட்டீங்கள், மிஸ். கதிரை அவளிட்டைப் போக ஏலாது, நீங்கள் போகலாம்தானே?"

மின்விசிறியின் கீழ்

நான்காம் முறை அபிராமி, வழக்கம்போலச் சீமெந்துத் தரையில் மல்லாந்து, சுழலும் மின்விசிறியைப் பார்த்து வாய் பிளந்து கிடந்தாள். நான் சேலையைச் செருகிக்கொண்டு அவள் தலைமாட்டில் முழந்தாளிட்டேன். கைவிளக்கே போதுமானதாயிருந்தது. வலப்புறக் கடைவாயில் இரு பற்கள் வேர்வரை கரைந்திருந்தன, ஈறில் சீழ்க்கட்டி. அவற்றுள் ஒன்று, போனால் மீண்டும் முளைக்காத பல்.

மயக்கமருந்து கொடுத்துப் பிடுங்க வேண்டுமென்று யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினேன். தாயார் அதை வாங்கவில்லை. மகளின் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப, இவ்வளவு நாளும் பிள்ளை நோவிலைதான் அடிச்சவளோ, மிஸ்? நாங்கள் கையையெல்லோ துண்டாலை கட்டி வைச்சனாங்கள்."

கிருமியின் குற்றத்தை ஓட்டிசத்தின் தலையில் கட்டியவர்களுள், அதற்கென்று படித்துச் சான்றிதழும் பெற்றிருந்தவள் நான் ஒருத்தியே.