பெட்டிக்காரர் போட்ட வரிசை

ஆஸ்பத்திரி மாடிப்படிக்கு அடியில் ஏ.சி. போட்ட சின்ன அறை. அங்கிருந்த ஒரே சர்வர் பெட்டிக்குள் மருந்தகம், கணக்கு, பேச்சுப் பயிற்சி என்று மென்பொருளாலான தனித்தனிக் கணினிகள் வாடகை தராமல் குடியிருந்தன. அவற்றைக் கட்டி மேய்த்தவருக்குப் ‘பெட்டிக்காரர்’ என்று பெயர். ஆபீஸ் பேனா தவறிப்போய்ச் சட்டைப்பையோடு வந்துவிட்டால் பாதி வழியில் திரும்பிப் போய் வைத்துவிட்டு வரும் மகா உத்தமர்.

பெட்டியில் இரண்டு டிஸ்க்குகள். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே பதியும். ஒன்று மண்டையைப் போட்டாலும் மற்றது தாங்கும். ஒன்று போட்டது. சிவப்பு விளக்கு எரிந்தது. பெட்டிக்காரர் புது டிஸ்க் கேட்டார். பார்க்கிறவர்கள் பயப்படுகிறார்கள் என்று மேலாளர் விளக்கின்மேல் கறுப்பு டேப்பை ஒட்டி, தம் நிர்வாகத் திறமையை நிலைநாட்டினார்.

ஒருவழியாகப் புது டிஸ்க் வந்த காலையில், செத்ததைக் கழற்றிவிட்டு அதைச் செருகினார். நகல் ஏறத் தொடங்கியதுமே மிச்சமிருந்த டிஸ்க்கும் முனகியது. நகலை நிறுத்தினார். இனி அதன் மூச்சு நிற்பதற்குள் ஒவ்வொரு கணினியாக வேறு பெட்டிக்கு இறக்கவேண்டியதுதான்.

பேச்சுப் பயிற்சிக் கணினியில் அவர் மனைவியின் குரல் இருந்தது. குரலைப் பறித்த தொண்டை ஆபரேஷனுக்கு முன் பதிந்தது. அவள் தட்டெழுதுவதை இனி அவள் குரலிலேயே போன் பேசும் என்றிருந்தார்கள். வேறு பிரதி கிடையாது. நோயாளிகளின் பதிவை வெளியே கொண்டுபோகக் கூடாதென்று விதி எழுதியவரே அவர்தான்.

“முதல்ல அக்கா குரலை எடுத்துடுங்கண்ணே. அஞ்சு நிமிஷ வேலை,” என்றாள் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்.

“மருந்துதாம்மா முதல்ல. உயிர் சமாசாரம்.”

மருந்தகம் பத்திரமாக இறங்கியது. அதற்குள் மேலாளர் வந்து நின்றார்.

“கணக்கை எடுய்யா. நாளைக்கு ஆடிட்டர் வர்றாரு.”

“சார், நடுவுல சின்னதா ஒண்ணு...”

“யாரோடது?”

சொந்த வேலையை முன்னால் தள்ளினான் என்று நாலு பேர் நாக்குமேல் பல்லுப் போட்டுப் பேசிவிட்டால்?

“ஒண்ணுமில்ல சார்.”

கணக்கு பாதி இறங்கியபோது டிஸ்க் ‘டொக் டொக்’ என்றது. அதன் பிறகு என்ன செய்தும் எழுந்திருக்கவில்லை.

“ஆடிட்டர்கிட்ட நான் என்னத்தைச் சொல்ல?” என்று மேலாளர் இழவு வீட்டுக்காரரைப் போலத் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். பெட்டிக்காரர்தான் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

சாயங்காலம் மனைவியிடம் எதையும் மறைக்காமல் சொன்னார், எதற்குப் பின் எதை எடுத்தார் என்பது உட்பட. அவள் போனில் தட்டினாள்.

“முதல்ல என்னை எடுத்திருக்கலாம்ல?”

ரயில் வரவை அறிவிக்கும் உற்சாகத்தோடு போனுக்குள்ளிருந்து யாரோ ஒரு பெண் கேட்டாள். கோபமா, அழுகையா, அந்தக் குரலில் ஒன்றும் தெரியவில்லை. முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாமென்றால், அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.