‘யு’ வரிசைப் பாட்டுகள்

ஜப்பான் பாட்டு ஒண்ணைக்கூட நான் முழுசா கேட்டதில்ல. ஆனா ‘யு’ங்கிற எழுத்துல ஆரம்பிக்கிற ஜப்பான் பாட்டுங்களோட பேரு ஒரு காலத்துல எனக்கு வரிசையாத் தெரியும். ஏழு மாசம் அதைத்தான் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். அந்த ஏழு மாசத்துல ஒரு காரியம் பண்ணினேன். வீட்டுல யாருக்கும் தெரியாது, சர்ச்சுல சாமியார்கிட்ட பாவ சங்கீர்த்தனம் பண்றப்போகூட சொன்னதில்ல.

ரெண்டாயிரத்தை ஒட்டின வருஷம் அது. எலெக்ட்ரானிக் சிட்டியில ஒரு சின்ன கம்பெனி. ஜப்பான்ல மைக் புடிச்சுப் பாடறதுக்குன்னே மெஷின் வெச்சிருப்பாங்களே, அதுக்குப் பாட்டுப் பட்டியல் தயார் பண்ற வேலை. கனமான புத்தகங்களை ஸ்கேன் பண்ணி அனுப்புவாங்க. நாங்க பாட்டோட பேரை மட்டும் கம்ப்யூட்டர்ல ஏத்தணும். நம்ம அ, ஆ, இ, ஈ மாதிரி அவங்களுக்கும் ஒரு எழுத்து வரிசை உண்டு. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கட்டு. எங்க மேஜைக்கு வந்தது ‘யு’ கட்டு.

வேலை எப்படின்னா, ஒரே பக்கத்தை ரெண்டு பேரு தனித்தனியா அடிப்பாங்க. ஒருத்தர் அடிச்சதை இன்னொருத்தர் பார்க்க முடியாது. ரெண்டும் ஒண்ணா இருந்தா மெஷின் ஒத்துக்கும். மாறியிருந்தா அந்த வரி சிவப்பாகி என்கிட்ட வரும். மூலப் பக்கத்தைப் பார்த்து, யாரு அடிச்சது சரின்னு தீர்ப்பு சொல்றது நான். அடிக்கிறவங்களுக்கு அந்த மொழியில ஒரு அட்சரம் தெரியாது. கீபோர்டு மேல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், திரையில பார்க்கிற வடிவத்தையே தேடி அமுக்கணும், அவ்ளோதான். எனக்கு மட்டும் மூணு வாரம் கிளாஸ் வெச்சு எழுத்தோட ஓசையும் சொல்லிக் குடுத்திருந்தாங்க. அதனால அந்த மேஜையில நான் சொல்றதுதான் வேதவாக்கு. அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்துச்சு.

அவென்யூ ரோட்டுப் பழைய புத்தகக் கடையில அகராதி ஒண்ணு வாங்கி வெச்சு, சாப்பாட்டு நேரத்துல புரட்டுவேன். யுகின்னா பனி. யுபின்னா விரல். யூகுரேன்னா அந்தி. எல்லாத்துக்கும் மேல யுமெ, கனவு. கனவுன்னு ஆரம்பிக்கிற பாட்டு பக்கம் பக்கமா வரும். கனவுக்கு இவ்வளவு பாட்டு எதுக்குன்னு எனக்கு அலுப்பா இருக்கும்.

எனக்குக் கீழ ரெண்டு பேரு. ஒருத்தி என் சிநேகிதி. லிங்கராஜபுரத்துல எங்க தெருவேதான், ஸ்கூல்லேர்ந்து ஒண்ணாப் படிச்சவ. அவ அம்மாவுக்கு ஒரு பக்கம் கை கால் வராமப் போயி படுக்கையில. அப்பா இல்ல. இவ சம்பளம்தான் அந்த வீட்டுக்கு எல்லாமே. இன்னொருத்தர் விவேக் நகர்லேர்ந்து வர்றவரு, ஐம்பதை நெருங்கினவரு. இருபது வருஷம் வேலை செஞ்ச ஃபேக்டரியில விருப்ப ஓய்வுன்னு சொல்லி வெளிய அனுப்பிட்டாங்க. எல்லாரும் சின்னப் பசங்களா இருந்த ஹால்ல அவர் ஒருத்தர்தான் நரைச்ச தலை. அங்கிள்னு கூப்பிடுவோம்.

அங்கிள் மெதுவா அடிப்பாரு. திரை மேல ஸ்கேல் வெச்சு, வரிக்கு வரி இறக்கிக்கிட்டே வருவாரு. சந்தேகம் கேட்டே உயிரை எடுப்பாரு. ‘இந்தக் கோடு ஒட்டியிருக்கா, விட்டிருக்காம்மா?’ன்னு எழுந்து வந்து நிப்பாரு. எனக்கு எரிச்சல் எரிச்சலா வரும். ஆனா ஒண்ணு சொல்லணும், அவர் அடிச்சதுல தப்புங்கிறது அபூர்வம்.

சிநேகிதி வேகமா அடிப்பா, நிறைய தப்பு வரும். ‘யுமெ’வுல வர்ற ரெண்டாவது எழுத்துக்கு அண்ணன் தம்பி மாதிரி இன்னொரு எழுத்து இருக்கு. வாலு சுழிஞ்சா அந்த வேற எழுத்து, சுழியலைன்னாதான் ‘மெ’. ராத்திரியெல்லாம் அம்மாவுக்குத் துணி மாத்திட்டு அஞ்சு மணிக்கு வேன் ஏறி வர்றவளுக்கு வாலாவது, சுழியாவது. சுழிச்ச எழுத்தையே அடிச்சுத் தள்ளுவா.

அஞ்சாவது மாசம் மேனேஜர் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னாரு. இந்த வேலை முடிஞ்சதும் பாதிப் பேரு போதும், ஒரு ஜோடிக்கு ஒருத்தர், யாருக்குத் தப்பு கம்மியோ அவங்க. அன்னிலேர்ந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் சீட் நம்பர் போட்டு தப்புக் கணக்கு போர்டுல ஒட்டினாங்க. முதல் சனிக்கிழமை அதைப் பார்த்துட்டு வேன்ல அவ என் தோள்ல சாஞ்சு அழுதா. ‘போச்சுடி, எங்க கதை முடிஞ்சுது’ன்னா. எனக்கு நெஞ்சு கேக்கல.

திங்கக்கிழமை ஒரு பக்கம் வந்துச்சு, ஸ்கேன் மங்கல். கனவுப் பாட்டுதான். அவ சுழிச்சு அடிச்சிருந்தா, அவர் சுழிக்காம. மங்கலா இருந்தாலும் எது சரின்னு எனக்குத் தெரியும். அவ அடிச்சதுதான் சரின்னு அமுக்கினேன். அடுத்த பக்கம் பளிச்சுன்னு இருந்துச்சு. அதுலயும் அவ பக்கமே அமுக்கினேன். கை கூசல. அவருக்கும் ரெண்டு பொண்ணுங்க படிச்சுக்கிட்டு இருக்குங்கன்னு எனக்குத் தெரியாமலா இருந்துச்சு? தெரியும். அதை நினைக்காம இருந்துட்டேன்.

வாரக் கடைசியில, அடிச்சவங்க கையில தப்புச் சீட்டு குடுக்கணும். நீங்க அடிச்சது இது, சரியானது இதுன்னு ரெண்டு வரிசை அச்சாகி வரும். அங்கிள் சீட்டை வாங்கி, அது மேலயும் ஸ்கேல் வெச்சு வரிக்கு வரி பார்த்தாரு. சண்டை போடுவாருன்னு நினைச்சு, என்ன பதில் சொல்லலாம்னு தயாரா இருந்தேன். அவர் சண்டை போடல. ‘இத்தனை நாளும் தப்பாவே அடிச்சிருக்கேன் போல. இது எப்படிம்மா என் கண்ணுல படாமப் போச்சு?’ன்னாரு. அப்புறம், ‘இதே ரெண்டு எழுத்துல இத்தனை பாட்டு வருதே, என்னம்மா அர்த்தம்?’னு கேட்டாரு. கனவுன்னேன். ‘நம்ம சினிமா மாதிரியேதான்’னு சிரிச்சாரு.

அடுத்த திங்கக்கிழமை நாற்பது பக்க நோட்டு ஒண்ணைக் கொண்டு வந்து காமிச்சாரு. ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பூசை முடிஞ்சு வந்து உக்காந்து எழுதினாராம். பக்கம் முழுக்க அந்தச் சுழிச்ச எழுத்து. ஒவ்வொரு வரிக்குக் கீழயும் தமிழ்ல கனவு, கனவுன்னு எழுதியிருந்தாரு. ‘சரியா இருக்காம்மா? இனிமே மறக்காது’ன்னாரு. சரியா இருக்கு அங்கிள்னு சொன்னேன்.

அந்த வாரத்துலேர்ந்து நான் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமப் போச்சு. அவர் நிஜமாவே தப்பா அடிக்க ஆரம்பிச்சுட்டாரு. சுழியில்லாததைக் கண்ணு முன்னால வெச்சுக்கிட்டு சுழிச்சு அடிப்பாரு. தன் கண்ணை நம்பாம என் சீட்டை நம்பினாரு. அவளும் சுழிச்சு அடிச்ச இடத்துல ரெண்டும் ஒத்துப்போயி, மெஷின் சத்தமில்லாம ஏத்துக்கிச்சு. என் பார்வைக்கே வராம எத்தனை பாட்டு அப்படிப் போச்சோ தெரியாது. ஜப்பான்ல யாரோ கனவுப் பாட்டு ஒண்ணைத் தேடியிருப்பாங்க, கிடைச்சிருக்காது. அதைப் பத்தி எனக்குக் கவலை இல்ல. அவர் மத்த எழுத்துலயும் தடுமாற ஆரம்பிச்சதுதான் என்னை அரிச்சுது. விரல்னா ஒரு தடவை, பனின்னா ஒரு தடவைன்னு எழுந்து வந்து கேட்பாரு.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிடறப்போ சொன்னாரு, கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன்னு. ‘டாக்டர் கண்ணு நல்லா இருக்குன்னு சொல்லிட்டாரு. அப்போ மூளைதான் மந்தமாயிடுச்சு போல’ன்னு சிரிச்சுக்கிட்டே தயிர் சாதத்தைப் பிசைஞ்சாரு. கூட உக்காந்திருந்த என் சிநேகிதியும் சிரிச்சா. அவளுக்கு எதுவும் தெரியாது, கடைசி வரைக்கும் தெரியாது. நான் டிபன் டப்பாவை மூடிட்டு எழுந்து போயிட்டேன்.

‘யு’ கட்டு முடிஞ்ச அன்னிக்கு அவரை மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினாரு. வெளிய வந்து நேரா என் மேஜைக்கு வந்தாரு. ‘நீங்களும் பொறுமையா எவ்வளவோ திருத்திக் குடுத்தீங்க. எனக்குத்தான் மண்டையில ஏறல. மனசுல வெச்சுக்காதீங்கம்மா’ன்னாரு. நான் எந்திரிச்சு நின்னேன். வேற ஒரு இடத்துல ஆள் எடுக்கறாங்க, போய்ப் பாருங்க அங்கிள்னு என்னமோ உளறினேன். ‘வேணாம்மா, அங்கயும் போயி கெட்ட பேரு வாங்கவா’ன்னுட்டு ஸ்கேலைப் பையில போட்டுக்கிட்டுப் போனாரு.

சிநேகிதி மூணே மாசம்தான் இருந்தா. வேற இடத்துல சம்பளம் ஜாஸ்தின்னு போயிட்டா. அவ போனது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அன்னிக்கு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கிட்டு என் தலையில நானே அடிச்சுக்கிட்டேன்.

நாலஞ்சு வருஷம் கழிச்சு, ஓசூர் ரோட்டுல ஒரு அப்பார்ட்மென்ட்டுல விசேஷம்னு போனேன். கேட்டுல நீல யூனிஃபார்ம் போட்டு அங்கிள் நிக்கிறாரு. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து போச்சு. ‘நல்லா இருக்கீங்களாம்மா?’ன்னு கேட்டு, பெரிய பொண்ணுக்குக் கல்யாணம் ஆன கதையெல்லாம் சொன்னாரு. உள்ள போறவங்க பேரை எழுத ஒரு ரிஜிஸ்டர் இருந்துச்சு. செக்யூரிட்டிதான் கேட்டு எழுதணும். அவர் அதை என் பக்கம் திருப்பி, பேனாவை நீட்டினாரு.

‘நீங்களே எழுதிடுங்கம்மா. எழுத்துன்னாலே எனக்குத் தகராறு, உங்களுக்குத்தான் தெரியுமே. தப்பா எழுதிடுவோமோன்னு பயம். யார் வந்தாலும் அவங்களையே எழுதச் சொல்லிடுவேன்.’

நான் பேரு எழுதினேன். வீட்டு நம்பர் எழுதினேன். நீங்க முதல்ல அடிச்சதுதான் சரி அங்கிள், நான்தான் மாத்திப் போட்டேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. பேனாவை வெச்சுட்டு நிமிர்ந்தேன். பின்னால ஒரு கார்க்காரன் ஹாரன் அடிச்சான். அவர் ஓடிப்போய் கேட்டைத் திறந்து விட்டு, நான் தாண்டறப்போ விறைப்பா நின்னு எனக்கு ஒரு சல்யூட் வெச்சாரு. நான் உள்ள போயிட்டேன்.