சிவப்பு வரி வராத மத்தியானம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு நின்றுவிட்டேன். முன்னே நடந்தது பின்னே நடந்தது என்று மறந்தும் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இது நான் கண்ணால் பார்த்தது.

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் இருந்தபடியே என் மகள் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள். பிள்ளைக்காக இருந்த வேலையை விட்டு, ரொம்ப நாள் கழித்துக் கிடைத்த வேலை. அப்போது இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. செய்த வேலையைத் திங்கட்கிழமை மேலதிகாரி அம்மாவுக்கு ஓட்டிக் காட்டணும். அதைப் பார்த்துத்தான் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று சொல்வார்களாம்.

ஒரு கம்ப்யூட்டரில் இருக்கிற ஃபைல்களை இன்னொன்றுக்கு அனுப்புகிற புரோகிராம் அது. படமோ பட்டனோ கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்து என்டர் தட்டினால் ஓடும். ஓடும்போது எம்புட்டுப் பேசணும், அதாவது திரையில் எம்புட்டு எழுதிக் காட்டணும் என்பதை நாம் சொல்லலாம். அதை அமைப்பதுதான் இவள் வேலை. வரியின் கடைசியில் கியூ என்ற எழுத்தைச் சேர்த்தால் பேசாமல் வேலை செய்யும். வி சேர்த்தால் செய்வதைச் சொல்லிக்கொண்டே செய்யும். ரெண்டு வி சேர்த்தால் ஒன்று விடாமல் சொல்லும்.

எனக்கு விளங்க வைக்க, "கியூ போட்டா நீம்மா. ஒரு வி போட்டா நான். ரெண்டு வி போட்டா மகாராஜபுரத்து அத்தை" என்றாள். அந்த அத்தை என் நாத்தனார். எங்கள் வீட்டுக்கு வந்தால் கண்டக்டர் சட்டையில் பட்டன் இல்லாதது வரைக்கும் சொல்லிவிட்டுத்தான் தண்ணீரே வாங்குவாள். எனக்கு உடனே விளங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை அவளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஸ்கூட்டர் லைசென்சுக்கு ஓட்டிக் காட்டுகிற வேலை இருந்தது. போகும்போது புரோகிராமைப் பேசாத முறையில் ஓடவிட்டு என்னைப் பார்க்கச் சொன்னாள். வெள்ளையாக ஒரு எழுத்து வந்தாலும் தப்பு. அனுப்ப முடியாமல் வேலையே கெட்டுப்போனால் மட்டும் சிவப்பாக ஒரு வரி வரும், அது வரத்தான் வேண்டும் என்றாள். கீரையை மடியில் வைத்து ஆய்ந்துகொண்டே பார்த்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

மத்தியானம் கரண்ட் போய்விட்டது. காத்தாடி நின்றது. லேப்டாப் மட்டும் அதன் பேட்டரியில் ஓடியது. சுவரில் இருக்கிற வைஃபை பெட்டியில் விளக்கு இல்லை. அது இல்லாமல் எதுவும் வெளியே போகாது என்று எனக்குத் தெரியும். இப்போ சிவப்பு வரி வரும் என்று காத்திருந்தேன். செத்த நேரத்தில் அடுத்த வரி அடிக்கிற இடத்தில் கோடு வந்து கண் சிமிட்டிக்கொண்டு நின்றது, எல்லாம் நல்லபடி முடிந்த மாதிரி.

வரிசையில் நிற்கிறவளைக் கூப்பிடலாமா என்று கூச்சம். நான் போனில் தானாகப் பேசுகிற ஆள் இல்லை, மிஸ்டு கால்தான். அன்றைக்கு அவள் எடுக்கிற வரைக்கும் அடிக்க விட்டேன்.

"என்னம்மா, செவப்பா வந்துச்சா?"

"வரலட்டி. கரண்டு போச்சு, வைஃபை பொட்டி செத்துக் கெடக்கு. அப்பவும் ஒண்ணும் வரல."

பெட்டியில் விளக்கு இல்லையா என்று இன்னொரு தரம் கேட்டுக்கொண்டாள். பொறவு, "நல்லவேளை, திங்கக்கிழமைக்கு முன்னால தெரிஞ்சுது" என்றாள்.

லைசென்சில் பாஸாகி, பால்கோவாவும் வாங்கிக்கொண்டு சாயங்காலம் வந்தாள். வந்ததும் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள். வெட்டிப் பேச்சை அடைத்தபோது சிவப்பு வரியையும் சேர்த்து அடைத்திருக்கிறாள். அவள் தப்பை வரவைத்துச் சோதித்ததெல்லாம் பேசுகிற முறையில். பேசாத முறையில் நல்லபடி ஓடுகிறதா என்று மட்டும்தான் பார்த்திருக்கிறாள். சரிசெய்துவிட்டு ஒவ்வொரு முறையாக ஓட்டினாள். அதற்குள் கரண்ட் வந்திருந்தது, வைஃபை பிளக்கைப் பிடுங்குவதும் மாட்டுவதும் என் பொறுப்பு. கியூவில் பிடுங்கியதும் சிவப்பாக ஒரே ஒரு வரி வந்தது. பயமாகவும் இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது.

திங்கட்கிழமை, பிளக்கைப் பிடுங்கினாலும் பேச்சு அறுந்துபோகாமல் இருக்க, மேலதிகாரியோடு போன் நெட்டில் பேசினாள். லேப்டாப் தெரிகிற மாதிரி போனைப் பால்கோவா டப்பாவில் சாய்த்து வைத்திருந்தாள். எல்லாம் பார்த்துவிட்டு அந்த அம்மா, பேசாத முறையில் கெட்டுப்போக வைத்துக் காட்டச் சொன்னார்கள். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிடுங்கினேன். சிவப்பு வரி வந்தது.

யார் பிடுங்கியது என்று கேட்டார்கள். என் அம்மா என்றாள். முகம் காட்டச் சொன்னார்கள். நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். "இனிமேலும் சோதனைக்கு அவிங்களையே வச்சுக்குங்க" என்று அந்த அம்மா சிரித்தது கேட்டது. இனிமேலும் என்ற சொல்லைக் கேட்டதும் மகள் கதவுப் பக்கம் கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வாரமே வேலை நிரந்தரமானது.

எழுத்து கியூவா வேறா, ரெண்டு வியா மூணா என்பதை விவரம் தெரிந்த யாராவது ஒருதரம் சரிபார்த்துத் திருத்திவிடுங்கள். பெட்டியில் விளக்கு இல்லை, வரியும் வரவில்லை என்று எழுதியதை மட்டும் திருத்த வேண்டாம்.