அம்மா பூட்டாத வீடு

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அவரை என்னைவிட நன்றாக அறிந்தவர்கள். ஏதாவது தவறாக எழுதியிருந்தால் நேரில் சொல்லித் திருத்துங்கள்.

அம்மா தாமல் கிராமத்தில், கூலிக்கு அறுப்பறுத்த குடும்பத்தில் பிறந்தார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. திருமணமாகி வந்து, பிள்ளையார்பாளையத்தை ஒட்டிய கால்வாய்க் கரைச் சந்தில் குடியேறினார். நான் ஆறாவது படிக்கும்போது அப்பா தவறிவிட்டார். அதன்பின் நெசவு வீடுகளுக்கு ராட்டையில் நூல்தார் சுற்றிக் கொடுத்தே என்னைப் பட்டப்படிப்பு வரை படிக்கவைத்தார். ராட்டையை நிறுத்தாமலே வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வார்.

எங்கள் சந்தில் யாருக்கும் பட்டா கிடையாது. கால்வாயை அகலப்படுத்த வீடுகளை எடுக்கப்போகிறார்கள் என்ற பேச்சு வந்ததும் பெண்கள் சங்கம் வைத்தார்கள். எதிர்வீட்டுச் சரோஜா அத்தை தலைவி, அம்மா செயலாளர். வீடு வீடாக வந்து கணக்கெடுத்து, குடியிருப்பவர்களுக்குப் பட்டா கொடுங்கள் என்று கேட்பதுதான் மனு. கூட்டம் பெரிதாகத் தெரியட்டும் என்று, ஒரு திங்கட்கிழமை எல்லோரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போனார்கள். யோசனை அம்மாவுடையது.

அன்று காலையில்தான் கணக்கெடுப்பவர்கள் சந்துக்கு வந்தார்கள். எல்லா வீட்டுக்கும் நேராக ‘பூட்டியுள்ளது, ஆள் இல்லை’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அது அப்படியே நின்றிருந்தால் வீடும் போயிருக்கும், மாற்று இடமும் கிடைத்திருக்காது.

சிலர் அம்மாவைக் கடிந்துகொண்டார்கள். அவரோ, மனு கொடுத்ததற்கான ரசீதுகளை வீடு வீடாக வாங்கி, நூலில் கோத்து, தாலுகா ஆபீசுக்கு எடுத்துப் போனார். எனக்குப் பள்ளி விடுமுறை. நானும் உடன் போனேன்.

“ஆளு இல்லன்னு எழுதிக்கீறீங்க சார். அன்னிக்கு நாங்க உங்க பெரிய ஆபீசு வரிசைல நின்னுக்கினு இருந்தோம். இதோ உங்க சீலு, உங்க தேதி” என்றார்.

அதிகாரி ரசீதுகளைப் புரட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. மறுபடி எப்போது வருவீர்கள் என்று கேட்டார். சொல்லாமல்தான் வருவோம் என்று பதில் வந்தது.

அன்றிலிருந்து சந்தில் முறை வைத்தார்கள். பகலில் ஒரு பெண் கட்டாயம் சந்திலேயே இருக்க வேண்டும்; யார் வந்தாலும் எல்லாக் கதவையும் திறந்து காட்ட வேண்டும். அதனால் யாரும் வீட்டைப் பூட்டக் கூடாது. அம்மா எங்கள் பூட்டைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டார். கணக்கெடுப்பு மறுபடி நடந்தது. பெண்கள் பெயரிலேயே எல்லா வீடும் பதிவானது. பிறகும் விசாரணை, மறுவிசாரணை என்று ஆண்டுக்கணக்கில் வந்தார்கள். முறையும் தொடர்ந்தது.

இதை எழுதலாமா என்று தயங்கினேன். என் மகளை நான் பெற்ற நாளில் முறை அம்மாவுடையது. மாற்று ஆள் கிடைத்து அவர் ஆஸ்பத்திரிக்கு வரச் சாயங்காலம் ஆகிவிட்டது. நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. “உன்னப் பாக்க நர்சம்மா இருந்தாங்க. சந்தப் பாக்க யார் இருந்தா?” என்றார். அந்தப் பதில் சரிதானா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் இன்று என் மகள் நடை பழகும் தரை எங்களுடையது.

சிறுநீரகம் பழுதாகிக் கடைசிப் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், கண் விழித்தால், “இன்னிக்கு யார் மொறம்மா?” என்றுதான் கேட்டார்.

அம்மாவைக் கவனித்த மருத்துவர்கள், செவிலியர்கள், காரியத்தை முன்னின்று நடத்திய தாமல் உறவினர்கள், மனுக்களைக் காசு வாங்காமல் தட்டச்சு செய்து தந்த அக்கா, எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

சரோஜா அத்தைக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சென்ற மாதம் பட்டா வாங்க எல்லோரையும் தாலுகா ஆபீசுக்கு அழைத்திருந்தார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் வாசலிலேயே நின்றேன். யாராவது ஒருவர் இருக்கட்டுமா என்று அத்தையைக் கேட்டேன்.

“இன்னாத்துக்கு? பூட்டும்மா. பூட்டிட்டு வா.”

எங்களிடம் பூட்டு இல்லை. அத்தை தம் மடியிலிருந்து புதுப் பூட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அங்கே அம்மாவின் பெயரைக் கூப்பிட்டபோது, சாவியைப் பிடித்தபடியே எழுந்து போனேன்.

இன்று வீடு திறந்திருக்கிறது. எல்லோரும் வந்து, சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும்.