ஜவாஹிர் கொளுத்தாத வீடு

என் பேரு ரபாயேல். இரத்தோட்டைக்கு மேல ஒரு தோட்டத்துல முப்பது வருஷம் கிளாக்கரா இருந்தவன். நான் யாரையும் லேசுல நம்புற ஆள் இல்ல. துரை சிரிச்சா எதுக்குச் சிரிக்கிறாருன்னு யோசிப்பேன், சிரிக்கலன்னா அதுக்கும் யோசிப்பேன். "நன்மை குடுக்கிற சாமியார் மேலயும் சந்தேகப்படுற மனுசன்"னு என் பொஞ்சாதி லூசியா ஏசுவா. ஜவாஹிர் நானாவப் பத்தி எழுதலாம்னு உக்காந்தா, என் கேடுகெட்ட புத்தியையும் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கு. பரவாயில்ல, எழுதுறேன்.

முஸ்லிம் ஆளுங்கள மரியாதையா நானான்னுதான் கூப்பிடுவோம், அண்ணன்னு அர்த்தம். மாத்தளை டவுன்ல நானாவுக்கு ஒரு சரக்குக் கடை. கராம்பு, மிளகு, சாதிக்காய் வாங்கி விக்கிறது. கராம்ப ஒரு கை அள்ளி மோந்து பார்த்தே சொல்லிருவாரு: இது யட்டவத்த ஊர்ச் சரக்கு, இது இரத்தோட்டை, இது மழையில நனைஞ்சத மறைச்சுக் கொண்டாந்தது. கொண்டாந்தவன் மூஞ்சியப் பார்க்கவே மாட்டாரு. சரக்கப் பார்த்தா போதும் அவருக்கு. பெரிய வயிறு, சாரத்துக்கு மேல பச்சை பெல்ட்டு. சிரிச்சாருன்னா தெருமுனை வரைக்கும் கேக்கும். பேச்சு அவங்க ஆளுங்க பேச்சு: இருக்குங்கிறதுக்கு 'ஈக்கி', சொல்லுங்கிறதுக்கு 'செல்லு'.

எண்பத்தாறுல ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் ஊருக்குப் போறப்ப சாமானையெல்லாம் ஏலம் போட்டாரு. மிளகு போட்டு வைக்கலாம்னு நானா ஒரு தகரப் பெட்டிய எடுத்தாரு. திறந்தா உள்ள ஈயத்துல செஞ்ச உருவங்க, விரல் அளவு. கோடாலி தூக்கின குள்ளங்க, கொம்பு வச்ச பூதங்க, ரெக்கைய விரிச்ச ஒரு நெருப்புப் பாம்பு. கூடவே இங்கிலீஸ்ல தடிச்ச ரூல் புத்தகம். என் தோட்டத்து மிளகக் கொண்டு போன என்னைக் கூப்பிட்டு, "கிளாக்கர், இத வாசிச்சுச் செல்லுங்க"ன்னாரு. வாசிச்சுச் சொல்லப் போனவன் இருபத்தோரு வருஷம் அந்தக் கடை மாடியிலயே கிடந்தேன். ஞாயித்துக்கிழம காலையில பூச, மத்தியானம் யுத்தம். குள்ளங்க என் படை, பூதங்களும் பாம்பும் அவரு படை.

பெரிய மேசையில மலை, ஆறு, காடு, வீடு எல்லாம் வச்சு ஆடணும். மலைங்க நான் செஞ்சது. கோயில் பாலன் குடிலுக்காகச் சாக்கப் பசையில நனைச்சுக் காய வச்சு, பச்சை அடிச்ச மலைங்க. டிசம்பர் வந்தா மலையெல்லாம் பெத்லகேமுக்குப் போயிரும், யுத்தம் நிக்கும். ஜனவரியில திரும்ப நானா கடை மாடிக்கு வரும். படைய தையக்காரன் டேப்பால அளந்துதான் நகத்தணும். மேட்டுல நிக்கிறவனுக்குப் பலம் கூட. காட்டுக்குள்ள பூந்தா பாதி வேகம். வீட்டுக்குள்ள இருக்கிறவனுக்கு அம்பு படாது, ஆனா நெருப்புப் பாம்பு வந்தா வீட்டோட கொளுத்தலாம். கொளுத்தினா உள்ள இருக்கிற ஆளுக்கு ஒரு தடவ தாயக்கட்டை உருட்டணும். ஆறு விழுந்தவன் மட்டும்தான் தப்புவான்.

என் குள்ளங்கள்ல பன்னெண்டு பேரு பதுங்குப் படை. எங்க பதுங்கியிருக்காங்கன்னு ஒரு துண்டுல எழுதி, மடிச்சு, பிஸ்கட் டின்னுக்குள்ள போட்டு மூடிருவேன். நேரம் பார்த்து டின்னத் திறந்து காட்டிப் பாயணும். என் ஆட்டமே அதுலதான் இருக்கு. ஆனா மனுசன் பாயவே விட மாட்டாரு. நேரா அந்த எடத்துக்கே பூதங்கள அனுப்பிருவாரு. ஒரு தடவ ரெண்டு தடவ இல்ல, பத்துக்கு எட்டுத் தடவ!

நான் சும்மா இருப்பேனா? அல்மாரிக் கண்ணாடியில தெரியுதோன்னு துவாயப் போட்டு மூடினேன். பென்சில் அழுத்தம் அடித்தாள்ல விழுதோன்னு வீட்டுலயிருந்து தனித்தாள் கொண்டு போனேன். கடைசியா ஆபீசுக்காகப் படிச்ச சுருக்கெழுத்துல எழுதிப் போட்டேன். அப்பவும் புடிச்சாரு! அவரு பொஞ்சாதி ஸுபைதா பிளேன்டீ வைக்க வர்றப்ப ஏதும் கண்ணக் காட்டுறாங்களோன்னுகூடக் கவனிச்சேன். பாவம், அந்த மனுசிக்கு எங்க கூத்துல ஒரு அக்கறையும் கிடையாது.

இவ்வளவு கெட்டிக்காரருக்கு நெருப்புப் பாம்ப மட்டும் பாவிக்கத் தெரியாது. மொத ஆட்டத்துல ஒரே ஒரு வீட்டக் கொளுத்தினாரு. அதுக்கப்புறம் பாம்பு வீட்டுப் பக்கம் போனதே இல்ல. நான் ஞாபகப்படுத்தவும் இல்ல. எதிராளி மறந்தா நமக்கென்ன நட்டம்?

ரெண்டாயிரத்தேழுல, வடக்கு கிழக்குல சண்டை நடந்துக்கிட்டிருந்தப்ப, ஒரு புதன்கிழம விடியக்காலம் பொலிஸ் வந்து என் வீட்டக் கிண்டினாங்க. அரிசி மூட்டை, மெத்தை, மாதா படத்துக்குப் பின்னால, எல்லாம். "ஞாயித்துக்கிழம டவுன்ல எங்க போற? மலை, ஆறெல்லாம் வச்சு என்ன திட்டம் போடுற?"ன்னு சார்ஜன் சிங்களத்துல கேட்டாரு. பெட்டிசம் வந்திருக்காம், பேரில்லாத புகார்க் கடுதாசி. விளையாட்டுன்னு சொன்னேன். அறுபது வயசுக்காரன் பொம்ம வச்சு விளையாடுறேன்னா எவன் நம்புவான்? ஐடென்டிகாட் நம்பர எழுதிக்கிட்டு, திரும்ப வருவோம்னு சொல்லிட்டுப் போனாங்க. லூசியா கொட்டிக் கிடந்த அரிசிய அள்ளிக்கிட்டு இருந்தா.

அந்த மேசையப் பத்தி யாருக்குத் தெரியும்? மாடிக்கு ஏறுறது மூணே பேரு. நான் எழுதல. ஸுபைதாவுக்கு அந்தப் பேச்சே வேணாம். மிச்சம் யாரு? மூடின டின்னுக்குள்ள இருக்கிறதையே கண்டுபிடிக்கிற ஆளு!  தனக்கு ஏதோ வில்லங்கம் வந்திருக்கு, என்னைக் காட்டிக் குடுத்துட்டுத் தான் தப்பிக்கிறாருன்னு முடிவே கட்டிட்டேன். இருபத்தோரு வருஷம் என்னை வேவு பார்த்திருக்கான்யா மனுசன், அப்படித்தான் நினைச்சேன்.

சனிக்கிழம நானும் ஒரு பெட்டிசம் எழுதினேன். தோட்டத்து லயத்துச் சனத்துக்கெல்லாம் பெட்டிசம் எழுதிக் குடுத்த கை, அழகாத்தான் எழுதிச்சு. மாத்தளை வியாபாரி ஜவாஹிர், திருகோணமலைப் பக்கம் போய் வர்ற லொறியில, மிளகு மூட்டைக்குள்ள வெடிச் சாமான் கொண்டு வர்றாருன்னு. பச்சைப் பொய். கையெழுத்து வைக்காம, பொலிசுக்கு விலாசம் எழுதி, இரத்தோட்டை தபால் கந்தோர் பெட்டியில போட்டேன். திங்கக்கிழம காலையிலதான் பெட்டியத் திறப்பாங்க. அந்தக் காலத்துல ஒரு ஆளப் புடிச்சுட்டுப் போய், அவன் திரும்பியே வராம ஆகுறதுக்கு அப்படி ஒரு கடுதாசி போதும். தெரியாமப் போடல, நல்லாத் தெரிஞ்சேதான் போட்டேன்.

ஞாயித்துக்கிழம போகாட்டி என் மேல சந்தேகம் வந்துருமேன்னு வழக்கம்போலப் போனேன். மாடியில கால வச்சா மேசை கலைஞ்சு கிடக்கு. என் பெரிய மலை நடுவுல கத்தியால கீறியிருக்கு.

"என்ன நானா இது?"

"புதன்கிழம பகலைக்கி பொலிஸ் வந்திச்சி, கிளாக்கர். மலக்குள்ள என்னமோ ஈக்கின்டு கீறிப் பார்த்தாங்க. ஒங்கட பேரையும் என்ட பேரையும் சேர்த்து யாரோ பெட்டிசம் போட்டீக்கி. நாங்க கூட்டம் போடுறமாம்!" சிரிக்கப் பார்த்தாரு, சிரிப்பு வரல. "ஒங்கள்ட்டயும் வந்தீப்பாங்க. போன் பண்ணினா இன்னும் பயப்படுவீங்கன்டு பண்ணல. நான் சார்ஜனுக்கு பூதம், பாம்பெல்லாம் காட்டி வெளயாட்டச் செல்லிக் குடுத்தேன். ரெண்டு தரம் கட்ட உருட்டிப் பார்த்தாரு மனுசன். போகக்குள்ள, 'இன்னொரு பெட்டிசம் வந்தா எனக்கு ஒன்னும் செய்ய ஏலா, முதலாளி'ன்டு செல்லிட்டுப் போனாரு."

 இன்னொன்னு இரத்தோட்டைப் பெட்டிக்குள்ள கிடக்கே! அப்பயும் என் புத்தி அடங்குச்சா? கையில மிச்சமிருந்த ஒரே சந்தேகத்த இறுக்கிப் புடிச்சுக்கிட்டேன்.

"அப்ப டின்னுக்குள்ள நான் எழுதினது ஒங்களுக்கு எப்படித் தெரியும்? அதச் சொல்லுங்க மொதல்ல!" கத்தியேவிட்டேன்.

"டின்ன யாரு பார்த்த?" நானா என்னை ஆச்சரியமாப் பார்த்தாரு. "நீங்க வீட்டுக்குள்ள ஆள் வெக்கவே மாட்டீங்க. மேசையில ஆறு வீடு ஈக்கி, எல்லாம் நல்ல மறைவு. இத்தன வருசத்துல ஒரு நாளும் வெக்கல. பின்னுக்கு ஓட வழி ஈக்கணும், கிட்ட தண்ணி ஈக்கணும். அப்பிடி எடம் ஒன்டு ரெண்டுதான் வரும். அங்க பூதத்த அனுப்புவேன்."

நானா கலைஞ்சு கிடந்த சாமானுக்குள்ள இருந்து நெருப்புப் பாம்ப எடுத்தாரு.

"மொத ஆட்டத்துல பாம்பு வீட்டக் கொளுத்திட்டுன்டு செல்லிச் சிரிச்சேன். ஒங்கட கையில ஈந்த கோப்ப கீழ விழுந்திச்சி. நம்மட லூசியாட கையில தழும்பக் கண்டேன். எண்ணெ பட்டதுன்டு சென்னீங்க. சரின்டுட்டேன். அதுக்குப் பொறகு நான் வீட்டக் கொளுத்தல, கிளாக்கர்."

எண்பத்திமூணு கலவரத்தப்ப நானும் லூசியாவும் டவுன்ல வாடகைக்கு இருந்தோம். கூட்டம் வர்றதக் கண்டு கதவப் பூட்டிக்கிட்டு உள்ளயே ஒளிஞ்சோம். வீட்டோட கொளுத்தினாங்க. குசினி ஜன்னல ஒடைச்சு, பின்னால ஓடுற வாய்க்கால்ல குதிச்சுத்தான் தப்பினோம். லூசியா கை வெந்தது அப்பதான். அதுக்கப்புறம் தோட்டத்து வேலைக்கு வந்துட்டோம், ஒருத்தருக்கும் மூச்சு விடல. ஆனா ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழம என் கையே அத மேசையில வச்சுக் காட்டிக்கிட்டு இருந்திருக்கு. இந்த மனுசன் அதப் பார்த்துட்டு, பாம்பத் தூக்கி ஓரமா வச்சிருக்காரு. நான் அவர மறதிக்காரன்னு நினைச்சேன்.

அன்னிக்கு ஆடல. தலைவலின்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

திங்கக்கிழம கந்தோர் திறக்க முந்தியே போய்ப் பெட்டிக்கிட்ட நின்னேன். தபால்காரர் பெட்டியத் திறந்தாரு, கடுதாசி கண்ணுக்கு முன்னால கிடக்கு, தொட விடல. உள்ள போஸ்ட்மாஸ்டர் நோனா ஒரு தாளத் தந்தாங்க. போட்டவன் பேரு, விலாசம், ஐடென்டி நம்பர், யாருக்கு எழுதினது, ஏன் திரும்ப வேணும், எல்லாம் எழுதிக் கையெழுத்து வைக்கணுமாம். பேரில்லாமப் போட்டத எடுக்க என் முழுப் பேரையும் எழுத வேண்டி வந்துச்சு. போன கிழமதான் என்னைக் கிண்டிட்டுப் போனவங்களுக்கு நான் எழுதின பெட்டிசம் அது. இந்த நோனா போனத் தூக்கினா அன்னிக்கே என் கதை முடிஞ்சிரும். எல்லாத்தையும் எழுதினேன். காரணம்கிற எடத்துல, 'எழுதினது பொய்'னு போட்டேன்.

நோனா விலாசத்தப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க, திரும்ப விலாசத்தப் பார்த்தாங்க. போன் அவங்க முழங்கைக்கிட்டதான் இருந்துச்சு. கடைசியில கடுதாசியத் தூக்கி என் முன்னால போட்டாங்க. "வெக்கமில்லையா மனுசா?"ன்னாங்க சிங்களத்துல. கடுதாசிய எடுத்துக்கிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயித்துக்கிழம போனேன். நானா மேசைய ஒழுங்கா அடுக்கி வச்சிருந்தாரு. வழக்கமான துண்டுக்குப் பதிலா அந்தக் கடுதாசிய டின்னுக்குள்ள போட்டு அவரு பக்கம் தள்ளினேன்.

"இன்னிக்கு நீங்களே திறந்து பாருங்க நானா. நான் எழுதினதுதான். தபால்ல போட்டுத் திரும்ப எடுத்தது."

வாசிச்சாரு. லொறி, மிளகு மூட்டைன்னு எழுதின எடத்துல விரல வச்சு, திரும்ப மொதல்லயிருந்து வாசிச்சாரு.  எனக்கு அவரு கால்ல விழணும்போல இருந்துச்சு, ஆனா உக்காந்த கதிரைய விட்டு எழும்ப முடியல.

"பதுங்குப் பட எங்க?"ன்னாரு, தலைய நிமித்தாம.

"வீட்டுக்குள்ள. பன்னெண்டு பேரும்."

எழும்பிப் போய் நெருப்புப் பாம்பத் தூக்கினாரு. டேப்ப வச்சு அளந்து, வீட்டுக்கு நேர் முன்னால கொண்டாந்து வச்சாரு. இருபத்தோரு வருஷத்துக்கப்புறம்.

"கொளுத்துறேன். உருட்டுங்க."

பன்னெண்டு தடவ உருட்டினேன். ஒரு ஆறுகூட விழல. குள்ளங்கள ஒவ்வொருத்தனா எடுத்து வரிசையாப் படுக்க வச்சாரு. அப்புறம் அந்தக் கடுதாசிய மடிச்சு என் பக்கம் நீட்டினாரு.

"இதத் துண்டு துண்டாக் கிழிச்சு மலயில ஈக்கிற கீறலுக்கு ஒட்டுங்க. டிசம்பருக்கு முந்தி பெயின்ட் அடிக்கணும்." மாடிப்படியப் பார்த்துக் கூப்பிட்டாரு, "ஸுபைதா, கிளாக்கருக்கு பிளேன்டீ!"

முதல் பெட்டிசம் போட்டது யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அடுத்த ஞாயித்துக்கிழம நான் ரெண்டு குள்ளங்கள வீட்டுக்குள்ள வச்சேன். பாம்பு அந்தப் பக்கமே வரல.