மைதானத்தில் நடிக்காத ஜூட்

டயகம தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்த ஜூட்டுக்கு முப்பத்தொரு வயது. கொழும்பில் எடுக்கும் தமிழ்த் தொலைக்காட்சி நாடகம் ஒன்றில், அண்ணனை ஏமாற்றிச் சொத்தை எழுதி வாங்கும் தம்பியாக நடிக்கிறார். அட்டன் கடைவீதியில் அவரைக் கண்டால் பெண்கள் ஒரு வார்த்தை திட்டிவிட்டுத்தான் நகர்வார்கள். கொழுந்து எடுக்கும் அவருடைய அம்மா சிசிலிக்கு அதில் பெருமை தாங்காது.

சனிக்கிழமை படப்பிடிப்பு முடிந்ததும் ஊருக்கு பஸ் ஏறிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக் கால்பந்து அணிக்கு முன்வரிசையில் ஆட வேண்டும்.

"முகத்துல காயம் பட்டா எனக்குக் காட்சியெல்லாம் கெட்டுப்போகும். பந்த விட்டுரு" என்று இயக்குநர் பலமுறை சொல்லியிருக்கிறார்.

"அத மட்டும் கேக்காதீங்க சார்" என்பார் ஜூட்.

போன வருட இறுதிப் போட்டியில் கந்தப்பளை அணி ஒரு கோல் முன்னால் இருந்தது. முடிய நான்கே நிமிடம். பந்தோடு கோலை நெருங்கிய ஜூட், கோல்கீப்பர் லோஜன் பாய்ந்து வந்தபோது விழுந்தார். நடுவர் விசில் ஊதி பெனால்டி கொடுத்தார்.

"நடிக்கிறான்! டிவியில நடிக்கிறது பத்தாதா?" என்று கந்தப்பளைக்காரர்கள் கத்தினார்கள்.

ஜூட் எழுந்து நேராக நடுவரிடம் போனார். "அவரு என்னையத் தொடவே இல்லீங்க சார். ஈரத்துல வழுக்கிருச்சு."

நடுவர் தீர்ப்பை மாற்றினார். டயகம தோற்றது.

திரும்பும் வேனில் அணித் தலைவர் யோகேஸ்வரன் வெடித்தார். "பன்னெண்டு வருஷமா இந்தக் கப்புக்குக் காத்திருக்கோம். வாய மூடிக்கிட்டு இருந்தா என்னடா?"

"வாரம் பூரா அங்க நடிக்கிறேண்ணே. இங்கயாவது நான் நானா இருக்கேனே."

மூன்று வாரம் யோகேஸ்வரன் அவரோடு பேசவில்லை. பயிற்சியில் யாரும் பந்து தரவில்லை. ஆனாலும் ஜூட் ஒரு ஞாயிறுகூட வராமல் இருக்கவில்லை, பந்தில்லாமலே ஓடினார்.

இந்த வருட அரையிறுதியில் மறுபடியும் கந்தப்பளை. லோஜன் மோதியதில் ஜூட் தோளைப் பிடித்தபடி விழுந்தார். தூரத்தில் நின்ற நடுவர் தயங்கினார். லோஜனே கையைத் தூக்கினார்.

"பெனால்டிதாங்க சார். நான்தான் இடிச்சேன்."

யோகேஸ்வரன் அதைக் கோலாக்கினார். டயகம வென்றது. ஜூட்டுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. இயக்குநர் திட்டித் தீர்த்துவிட்டு, மூன்று வாரக் காட்சிகளை மாற்றி எழுதினார்.

இறுதிப் போட்டியன்று ஜூட் கட்டுப்போட்ட கையோடு கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை கட்டும்வரை கத்தினார். டயகம இரண்டு கோல் போட்டு ஜெயித்தது. யோகேஸ்வரன் கப்பை வாங்கிக்கொண்டு நேராக அவரிடம் வந்தார்.

"ஒத்தக் கையால புடிச்சிருவியாடா?"