பசியால் வளையாத கால்கள்

அப்பாவுக்கும் அவர் மகளான எனக்கும் ஒரே நடை. குட்டை உருவம், வில்லாக வளைந்த கால்கள், இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து போவோம். குத்தாலத்தில் தையல் கடை வைத்திருந்த அப்பா, தன் கால் வளைந்தது பட்டினியால்தான் என்று நம்பினார். வயல் கூலிக்குப் போன அவருடைய அம்மா, என் அப்பாயி, இருந்த சோற்றை மூத்த பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டுத் கடைசிப் பிள்ளையான தன்னைப் பட்டினி போட்டதாக அவருக்குத் தீராத கோபம். கல்யாணமானதும் ஊரைவிட்டு வந்தவர் திரும்பிப் போகவே இல்லை.

என் காலும் வளையத் தொடங்கியபோது பதறிப்போனார். எக்ஸ்ரே பார்த்த டாக்டர் கால்சியம் குறைவு என்றார். பால், முட்டை, மாத்திரை என்று அப்பா எதையும் விட்டுவைக்கவில்லை. கால் நிமிரவில்லை.

ஒருமுறை அப்பாயி என்னைப் பார்க்கக் கடைக்கு வந்தார். அப்பா மிஷினை நிறுத்தவில்லை.

"ஒரு வார்த்தை பேசுய்யா."

"எனக்குச் சோறு போடாதவங்ககிட்ட என்ன பேச்சு?"

என் கால்களைத் தடவிப் பார்த்துவிட்டு அப்பாயி போய்விட்டார். பிறகு அவர் இறந்த சேதி வந்தபோதும் அப்பா போகவில்லை.

கம்ப்யூட்டர் கம்பெனிகள் ஆள் எடுத்த காலத்தில் எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. அங்கே சிறுநீரகக் கல்லோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் ரத்தத்தில் கால்சியம் அளவுமீறி இருப்பது தெரிந்தது. மாத்திரையை உடனே நிறுத்தினார்கள். மரபணுச் சோதனைக்கு அப்பாவின் ரத்தத்தையும் எடுத்தார்கள்.

முடிவு வந்ததும் டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துச் சொன்னார்: "எலும்புல ஒரு ஹார்மோனை வாங்கிக்கிற இடம் இருக்கு. ஹார்மோன் வந்தாத்தான் அது வேலை செய்யணும். உங்க ரெண்டு பேருக்கும் ஹார்மோன் வராமலே அந்த இடம் வேலை செய்யுது. அதனாலதான் எலும்பு சரியா வளரல, ரத்தத்துல கால்சியமும் ஏறிடுது."

"சின்ன வயசுல சாப்பாடு இல்லாம வந்ததுங்களா?" என்றார் அப்பா.

"இல்லைங்க. கருவுலயே வந்தது. எவ்வளவு சாப்பிட்டிருந்தாலும் கால் இப்படித்தான் இருந்திருக்கும்."

எனக்கு ஊட்டிய மாத்திரைகளை நினைத்து வருந்துவார் என்று எதிர்பார்த்தேன். பஸ் நிறுத்தத்தில் அவர் கேட்டது வேறு.

"அப்ப, எங்கம்மா மேல தப்பே இல்லையாம்மா?"



மறுவாரம் அவரோடு அவருடைய ஊருக்குப் போனேன். பெரியப்பாக்கள் யாரும் உயிரோடு இல்லை. அவர்கள் பிள்ளைகள் திருப்பூர், சிங்கப்பூர் என்று போய்விட்டிருந்தார்கள். அப்பாயியைப் புதைத்த இடத்தைக் காட்ட ஆள் கிடைக்கவில்லை. மாடு ஓட்டி வந்த ஒருவர், "வாய்க்காலுக்கு அந்தாண்டை எங்கேயோதாங்க" என்று கையை நீட்டிவிட்டுப் போனார். அங்கே கருவை முட்செடி மண்டிக் கிடந்தது. எந்தப் பக்கம் பார்த்து நிற்பதென்று தெரியாமல், அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வாய்க்கால் கரையிலேயே நின்றார்.